போல்ட் இட்டாலிக் ஸ்லாப் செரிஃப்: ராக்வெல்லா, பெவனா, ஸில்லாவா?

தலைப்புக்கோ லோகோவுக்கோ தடித்த, சாய்ந்த ஸ்லாப் செரிஃப் ஒன்று வேண்டும், எதை எடுக்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எழுதப்போவது முழுக்க கேப்பிடல் லெட்டரா, இல்லை ஸ்மால் லெட்டரும் வருமா? பட்ஜெட், ஸ்டைல், 'ஒரு கெத்து வேணும் சார்' எல்லாம் அப்புறம். இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தாலே பாதிப் பட்டியல் கழன்றுவிடும். ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிட்டு ஃபான்ட்டுகளுக்கு வருகிறேன், அவசரமாக இருப்பவர்கள் கீழே ராக்வெல் என்று தொடங்கும் இடத்துக்குப் போய்விடலாம்.

ஸ்லாப் செரிஃப் என்பது எழுத்தின் தலையிலும் காலிலும் கனமான பட்டை வைத்த இனம். டைப்ரைட்டர் எழுத்து, சோனி லோகோ, ஐபிஎம் லோகோ எல்லாம் இந்தக் குடும்பம். பிறந்ததே விளம்பரத்துக்காகத்தான். 1810களில் லண்டனில் வின்சென்ட் ஃபிகின்ஸ் என்ற எழுத்து வார்ப்பாளர் தன் மாதிரிப் புத்தகத்தில் 'ஆன்டிக்' என்ற பெயரில் இதைக் காட்டினார். புத்தகம் படிக்க உருவானதல்ல, சுவரொட்டியில் தூரத்திலிருந்து கண்ணை இழுக்க உருவானது. 1845இல் ராபர்ட் பெஸ்லியின் ஃபேன் ஸ்ட்ரீட் வார்ப்பகம் கிளாரண்டனை வெளியிட்டு, பிரிட்டனின் வடிவமைப்புச் சட்டத்தில் மூன்று வருடப் பாதுகாப்பும் வாங்கியது. அந்த மூன்று வருடம் முடிந்ததும் ஊரில் இருந்த வார்ப்பகமெல்லாம் ஆளுக்கொரு கிளாரண்டன் வார்த்துத் தள்ளின. பிறகு 1929இல் ஜெர்மனியில் மெம்ஃபிஸ், 1931இல் அமெரிக்காவில் ஸ்டைமி, 1934இல் மோனோடைப் நிறுவனத்தின் ராக்வெல் என்று, வட்டமும் நேர்கோடும் வைத்து வரைந்த இரண்டாவது அலை வந்தது. இன்று நாம் ஸ்லாப் என்றதும் மனதில் வருவது பெரும்பாலும் இந்த இரண்டாவது அலைதான்.

இட்டாலிக்கின் ஊர் வேறு, வம்சம் வேறு. 1501 வாக்கில் வெனிஸில் ஆல்டஸ் மனூஷியஸின் அச்சகத்தில், அந்தக் காலத்துக் கையெழுத்தைப் பார்த்து வெட்டப்பட்டது. பேனாவின் ஓட்டம் அதில் இருக்கும், ஒரு எழுத்து முடிகிற இடத்தில் அடுத்த எழுத்தை நோக்கி ஒரு வால் போகும். ஸ்லாப்புக்கோ ஓட்டமே கிடையாது, காலை ஊன்றி நிற்பதுதான் அதன் அழகு. ஊன்றி நிற்கிற ஒன்றை ஓடவும் வைக்க வேண்டும், அதையும் உடம்பெல்லாம் கனமாக இருக்கும் போல்டில் செய்ய வேண்டும் என்பதால்தான் நல்ல போல்ட் இட்டாலிக் ஸ்லாப் இவ்வளவு குறைவு. பழைய கிளாரண்டன்களில் பெரும்பாலானவற்றுக்கு இட்டாலிக்கே கிடையாது.

வடிவமைப்பாளர்கள் இதற்கு இரண்டு வழி வைத்திருக்கிறார்கள். ஒன்று, நேர் எழுத்தையே சாய்த்து, சாய்த்ததால் கெட்டுப்போன இடங்களைக் கையால் திருத்துவது. இதை ஒப்ளீக் என்பார்கள். இன்னொன்று, ஸ்மால் லெட்டர்களைக் கையெழுத்தின் அமைப்பில் புதிதாகவே வரைவது, இதுதான் அசல் இட்டாலிக். இரண்டுக்கும் மெனுவில் பெரும்பாலும் ஒரே பெயர்தான் இருக்கும், அதனால் பெயரை நம்பிப் பயனில்லை.

வித்தியாசத்தைப் பக்கத்தில் போய்ப் பார்க்க ஸ்மால் 'என்' ஒன்று போதும். நேர் ஸ்லாப்பில் அதற்கு இரண்டு கால், ஒவ்வொரு காலுக்கும் அடியில் இடமும் வலமும் நீட்டிக்கொண்டு ஒரு பட்டை. அதை அப்படியே சாய்த்தால் கால் சாயும், பட்டை மட்டும் தரையோடு தரையாகப் படுத்தே இருக்கும். காலும் பட்டையும் சேரும் இடத்தில் ஒரு பக்கம் கோணம் குறுகி இருட்டடிக்கும், மறுபக்கம் விரிந்து வெளிறும். அசல் இட்டாலிக்கில் பொதுவாக முதல் காலின் அடிப்பட்டையைத் தூக்கிவிடுவார்கள், கடைசிக் காலுக்கு வலப்பக்கம் மட்டும் ஒரு வால் விடுவார்கள். இரண்டு பட்டை போனதில் எழுத்துக்குள்ளே காற்று வந்துவிடுகிறது, அகலமும் குறைகிறது. 'எம்' என்றால் மூன்று கால், அங்கே இந்த லாபம் இன்னும் அதிகம். ஆங்கிலத்தில் 'மினிமம்' என்ற சொல்லை ஸ்மால் லெட்டரில் அடித்துப் பாருங்கள். சாய்த்த ஸ்லாப்பில் அடிவரிப் பட்டைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு தண்டவாளம் போட்ட மாதிரி இருக்கும், அசல் இட்டாலிக்கில் சொல்லாகத் தெரியும்.

கேப்பிடலில் இந்தத் தலைவலி ஏறக்குறைய இல்லை. அசல் இட்டாலிக் என்று விற்கப்படுபவற்றிலும் கேப்பிடல் லெட்டர்கள் பெரும்பாலும் நேர் வடிவத்தைச் சாய்த்துத் திருத்தியவைதான், பட்டையெல்லாம் அப்படியே இருக்கும். ஆகவே கிரிக்கெட் டீம் ஜெர்சியில் பெயர், ஒர்க்‌ஷாப் போர்டு, முழுக்கக் கேப்பிடலில் ஒரு லோகோ என்றால் அசல் இட்டாலிக்குக்காகக் காசு செலவழிக்க அவசியமே கிடையாது, நன்றாகத் திருத்திய ஒப்ளீக் போதும். வேகம், எந்திரம், முரட்டுத்தனம் எல்லாவற்றையும் ஒப்ளீக்தான் நன்றாகச் சொல்லும் என்றுகூடச் சொல்வேன். பத்திரிகைத் தலைப்பு, சாப்பாட்டுப் பொட்டலம், முழு வாக்கியமாக ஒரு விளம்பரவரி என்றால் கதை தலைகீழ்.

திருத்திய ஒப்ளீக் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கோரல் டிராவில் எழுத்தைப் பிடித்து ஸ்க்யூ பண்ணுவது, அதாவது அப்படியே இழுத்துச் சாய்ப்பது, ஃபோட்டோஷாப்பில் ஃபாக்ஸ் இட்டாலிக் பட்டனை அமுக்குவது எல்லாம் ஒப்ளீக் ஆகாது. கணக்கு எளிது. எழுத்தைச் சாய்க்கும்போது படுக்கைக் கோடுகளின் தடிமன் மாறாது, நிற்கும் கோடுகள் மட்டும் மெலியும். 12 டிகிரியில் இரண்டு சதவீதம், அது கண்ணுக்குத் தெரியாது. 20 டிகிரிக்குப் போனால் ஆறு சதவீதம், பட்டைகள் தண்டைவிடக் கனமாகி எழுத்து கால் வீங்கினாற்போல் தெரியும். இதைவிட மோசம் 'ஓ'. நேர் வட்டத்தைச் சாய்த்தால் மேல் வலதும் கீழ் இடதும் தடிக்கும், மேல் இடதும் கீழ் வலதும் மெலியும். ராக்வெல் மாதிரி சமத்தடிமனில் வரைந்த ஓவை இப்படிச் சாய்த்தால் எங்கோ நசுங்கிய வளையல் மாதிரி ஆகிவிடும். வடிவமைப்பாளர் இதையெல்லாம் ஒவ்வொரு எழுத்தாக உட்கார்ந்து சரிசெய்திருப்பார், பட்டனுக்கு அது தெரியாது.

இணையத்தில் இந்தப் போலி இட்டாலிக் இன்னும் சத்தமில்லாமல் நடக்கிறது. கோப்பில் இட்டாலிக் இல்லை என்றால் பிரவுசரே நேர் எழுத்தைச் சாய்த்துக் காட்டிவிடும், கேட்கவும் செய்யாது. ரோபோட்டோ ஸ்லாப்பில் இட்டாலிக் கிடையாது. ஆல்ஃபா ஸ்லாப் ஒன் ஒரே ஒரு எடையில், அதாவது ஒரே ஒரு தடிமனில், நேர் வடிவம் மட்டும். கிரீட் ரவுண்டில் இட்டாலிக் உண்டு, போல்ட் இல்லை, ஆகவே போல்ட் இட்டாலிக் கேட்டால் பிரவுசர் அந்த இட்டாலிக்கைத் தானே தடிக்கவைத்துப் பூசிக் காட்டும். வெப்பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்ஸில் ஃபான்ட்-சிந்தசிஸ் என்ற பண்புக்கு 'நன்' என்று மதிப்புக் கொடுத்துவிட்டுப் பக்கத்தைத் திறந்து பாருங்கள், எது அசல் எது போலி என்று உடனே பிடிபட்டுவிடும். நான் எந்த ஃபான்ட்டையும் வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்கு முன்னால் இந்தச் சோதனையைப் போட்டுவிடுவேன்.

சரி, ஃபான்ட்டுகள்.

ராக்வெல் போல்ட் இட்டாலிக்கின் பெரிய பலம், அது ஏற்கெனவே உங்கள் கம்ப்யூட்டரில் இருக்க வாய்ப்பு அதிகம். மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸோடு பல வருடமாக வருகிறது, மேக்கிலும் வருகிறது. வட்டமான ஓ, கேப்பிடல் ஏ-யின் உச்சியில் ஒரு சின்னப் பட்டை, கூர்மையாக வெட்டிய மூலைகள். சாய்த்தாலும் அந்த எந்திரத் தோரணை போகாது, கேப்பிடலில் பத்து அடி ஃபிளெக்ஸில் போட்டாலும் கம்பீரமாக நிற்கும். இட்டாலிக் என்று பெயர் இருந்தாலும் அது சுபாவத்தில் சாய்ந்த நேரெழுத்துதான், அதனால் ஸ்மால் லெட்டரில் நீளமான வரி எழுதினால் மேலே சொன்ன தண்டவாளம் வந்துவிடும். ஒரு எச்சரிக்கை: ஆஃபீஸோடு வரும் ராக்வெல் எக்ஸ்ட்ரா போல்டுக்கு இட்டாலிக் கிடையாது. வேர்டில் அதைத் தேர்ந்தெடுத்து 'ஐ' பட்டனை அமுக்கினால் கிடைப்பது போலி. இன்னும் கனம் வேண்டும் என்று ஆசைப்பட்டு நிறையப் பேர் விழுவது இந்தக் குழியில்தான். இன்னொன்று, ஆஃபீஸோடு வந்தது என்பதால் ஆவணத்திலும் அச்சிலும் பயன்படுத்தலாம், ஆனால் அதே கோப்பை எடுத்து வெப்சைட்டில் ஏற்றக் கூடாது, அதற்குத் தனி உரிமம் வாங்க வேண்டும்.

பெவன் இலவசம், கூகுள் ஃபான்ட்ஸில் கிடைக்கிறது. 1930களில் ஹைன்ரிக் யோஸ்ட் வரைந்த ஒரு ஸ்லாப்பை வைத்து வெர்னான் ஆடம்ஸ் மறுபடி உருவாக்கியது. ஒரே எடைதான், ஆனால் அந்த எடை சாதாரண எடை இல்லை, பட்டையெல்லாம் பாளம் பாளமாக இருக்கும். முதலில் நேர் வடிவம் மட்டும் இருந்தது, பிறகு இட்டாலிக்கும் சேர்ந்தது, ஆகவே பழைய கோப்பை எங்கிருந்தோ இறக்கி வைத்திருப்பவர்கள் மறுபடி இறக்கிக்கொள்வது நல்லது. ஒன்றிரண்டு சொல்லுக்கு இது மாதிரி வராது. டிஷர்ட்டில் நெஞ்சு நிறைய ஒரே சொல், யூடியூப் தம்ப்நெயில், டோர்னமென்ட் போஸ்டரில் 'ஃபைனல்' என்று ஒரு அதட்டல். மூன்றாவது வரி எழுத ஆரம்பித்தால் மூச்சு முட்டும். அளவைக் குறைத்தாலும் ஸ்மால் 'இ', 'ஏ' ஆகியவற்றின் உள்வெளி அடைத்துக்கொள்ளும். அதனால் பெவனை எடுத்தால் கூடவே தகவல் எழுத இன்னொரு ஃபான்ட் கட்டாயம்.

ஆர்வோவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆன்டன் கூவிட் வரைந்தது, ரெகுலர், இட்டாலிக், போல்ட், போல்ட் இட்டாலிக் என்று நான்கும் அசலாகவே இருக்கின்றன, இலவசம். ராக்வெல் மாதிரி வேண்டும், வெப்சைட்டிலும் போட வேண்டும், காசு தர மாட்டேன் என்பவர்களுக்கு ஏற்றது. குறை சொல்ல முடியாது, பார்த்து மயங்கவும் முடியாது.

அலியோவுக்கு ஒரு குறிப்பிட்ட வேலை உண்டு. அலெஸியோ லைஸோ இதை லாட்டோ என்ற சான்ஸ் (பட்டையே இல்லாத) ஃபான்ட்டுக்குத் துணையாக வரைந்தார். உங்கள் வெப்சைட்டிலோ பிரசன்டேஷனிலோ ஏற்கெனவே லாட்டோ ஓடிக்கொண்டிருந்தால் தலைப்புக்கு அலியோ போல்ட் இட்டாலிக் போடுங்கள், இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாகப் பொருந்தும். தனியாக லோகோவுக்கு எடுத்தால் கொஞ்சம் சாதுவாகிவிடுகிறது, மூலைகளெல்லாம் மென்மை.

ஸ்மால் லெட்டர் வரும் என்று சொன்னவர்களுக்கு என் முதல் சிபாரிசு ஸில்லா ஸ்லாப். 2017இல் மோஸில்லாவின் புது அடையாளத்துக்காக டைப்போதெக் நிறுவனம் செய்தது. தங்களிடம் ஏற்கெனவே இருந்த டெஸ்லா என்ற ஸ்லாப்பை அடிப்படையாக வைத்து உருவாக்கினார்கள், காருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. லைட்டிலிருந்து போல்ட் வரை ஐந்து எடை, ஐந்துக்கும் அசல் இட்டாலிக், முழுக்க இலவசம். இதில் எனக்குப் பிடித்தது அதன் நிதானம். ஸ்லாப்பின் எந்திரத்தனம் கொஞ்சம் இருக்கிறது, ஆனால் வளைவுகள் இளகியிருப்பதால் முழு வாக்கியம் எழுதினாலும் ஓடுகிறது. போல்ட் இட்டாலிக்கில் இரண்டு மூன்று வரித் தலைப்பு வைக்கலாம், நடுவில் மேற்கோள் பிரித்துப் போடலாம். குறை என்றால், போல்டுக்கு மேல் எடை இல்லை. பெவன் அடிக்கிற அடியை இதனால் அடிக்க முடியாது. ஃபிளெக்ஸுக்கு இதை எடுத்துவிட்டு 'தடிமன் பத்தலையே' என்று அவுட்லைன் கொடுத்து ஊதவைத்தால் அந்த அசல் இட்டாலிக்கில் வந்த காற்றெல்லாம் போய்விடும். அப்புறம் எதற்கு அது?

பிட்டர் இன்னொரு நல்ல இலவசம். அர்ஜென்டினாவின் வெர்ட்டா திபோகிராஃபிகா குழுவைச் சேர்ந்த சோல் மாட்டாஸ் திரையில் படிப்பதற்காக வரைந்தது. முதலில் வெளிவந்தபோது ரெகுலர், இட்டாலிக், போல்ட் என்று மூன்றுதான், போல்ட் இட்டாலிக் இல்லை. பிறகு ஒரே கோப்பில் எடையைக் கூட்டிக் குறைக்க முடிகிற வேரியபிள் ஃபான்ட்டாக வளர்ந்து 100இலிருந்து 900 வரை எல்லா எடையும் இட்டாலிக்கோடு வந்துவிட்டன. இன்றும் பழைய மூன்று கோப்புகளை வைத்துக்கொண்டே ஓடும் தளங்கள் உண்டு, அங்கே போல்ட் இட்டாலிக் தெரிந்தால் அது பிரவுசரின் கைவேலை. ஸில்லாவைவிடக் கனம் வேண்டும், ஸ்மால் லெட்டரும் வேண்டும், காசும் செலவழிக்கக் கூடாது என்ற மூன்றும் சேர்ந்தால் பிட்டரின் 800 அல்லது 900 இட்டாலிக்தான் என் பதில். உள்ளடக்கமும் அதே குடும்பத்தில் எழுதலாம் என்பது கூடுதல் வசதி. ஆனால் தோரணை புத்தகத் தோரணை. ஜெர்சிக்கு வேண்டாம்.

காசு கொடுக்கத் தயார் என்றால் சென்டினல். ஹோஃப்லர் அண்ட் ஃப்ரேர்-ஜோன்ஸ் 2009இல் வெளியிட்டது. கிளாரண்டனுக்கு இட்டாலிக் இல்லாத அந்தப் பழைய குறையைத் தீர்க்கவே கிளம்பியது என்று சொல்லலாம். லைட்டிலிருந்து பிளாக் வரை, எல்லாவற்றுக்கும் இட்டாலிக். இதன் பிளாக் இட்டாலிக்கைப் பெரிய அளவில் பார்த்தால், மேலே சொன்ன ஊன்றி நிற்பதும் ஓடுவதும் ஒன்றாக நடக்கிறது. தடித்த தண்டு, உருண்ட சொட்டு முனைகள், அதற்கு நடுவில் பேனாவின் வால். வார இதழ் அட்டை, காபிப் பொட்டலம், உணவக மெனு இவற்றுக்கு இதை மிஞ்ச ஆளில்லை என்பது என் கட்சி. அந்த நிறுவனத்தை 2021இல் மோனோடைப் வாங்கிவிட்டதால் உரிம விவகாரம் இப்போது மோனோடைப் வழியாகத்தான். இதே ரகத்தில் கார்டியன் எஜிப்ஷியன் என்று ஒன்று உண்டு, 2005இல் பிரிட்டனின் கார்டியன் நாளிதழ் மறுவடிவமைப்புக்காக பால் பார்ன்ஸும் கிறிஸ்டியன் ஷ்வார்ட்ஸும் செய்தது. செய்தித்தலைப்பே தொழிலாக இருப்பவர்கள் பார்க்க வேண்டியது, மற்றவர்களுக்கு அது தேவைக்கு மேல்.

லூபாலின் கிராஃப் ஒப்ளீக்கை ஒரு வரியில் தாண்டிவிடலாம். 1974இல் ஹெர்ப் லூபாலின் தன் அவான்ட் கார்டு என்ற ஃபான்ட்டுக்கு ஸ்லாப் வைத்தது. எழுபதுகளின் வாசனை வேண்டும் என்றே தேடுபவருக்கு மட்டும்.

ஆக, முழுக்க கேப்பிடல், அச்சு வேலை மட்டும் என்றால் ராக்வெல் போல்ட் இட்டாலிக், ஏற்கெனவே இருப்பதைத் தூக்கிவைத்துவிட்டு வேறு தேடாதீர்கள். ஒரே சொல், காது கிழிய வேண்டும் என்றால் பெவன். வெப்சைட், வாக்கியத் தலைப்பு என்றால் ஸில்லா, கனம் பத்தாவிட்டால் பிட்டர். அட்டையும் பொட்டலமும் செய்கிற, பட்ஜெட் உள்ள ஆள் என்றால் சென்டினல். ஆர்வோவும் அலியோவும் இடம் பார்த்து.

எதில் அச்சாகப்போகிறது என்பதும் இந்த வரிசையை மாற்றும். திருப்பூர்ப் பக்கம் ஸ்கிரீன் பிரிண்டிங்குக்குக் கொடுப்பவர்களுக்குத் தெரியும், மை துணியில் கொஞ்சம் பரவும். சாய்ந்த ஸ்லாப்பில் காலும் பட்டையும் சேரும் அந்தக் குறுகிய கோணம்தான் முதலில் அடைபடும். பெவனைச் சின்னதாகப் போட்டால் இது நிச்சயம் நடக்கும், அங்கே ராக்வெல் போல்டே தேவலை. எம்பிராய்டரி என்றால் கதை ஸ்லாப்புக்குச் சாதகம். ஒரு மில்லிமீட்டருக்குக் குறைந்த கோடு தையலில் சரியாக நிற்காது என்பதால் மெல்லிய செரிஃப் எல்லாம் நூல் கொசுவமாகிவிடும், ஸ்லாப்பின் பட்டை தாங்கும். வினைல் கட்டிங்கில் வளைவு குறைந்த, மூலை கூர்மையான ராக்வெல், ஆர்வோ வகை சுத்தமாக வெட்டுப்படும், உரித்தெடுப்பதும் சுலபம்.

எந்த ஃபான்ட் எடுத்தாலும் இடைவெளியைக் கையால் பார்க்காமல் விடாதீர்கள். ஸ்லாப்பின் பட்டைகள் பக்கவாட்டில் நீண்டு பக்கத்து எழுத்தை இடிக்கும், சாய்ந்திருப்பதால் மேலே ஒரு அளவும் கீழே ஒரு அளவுமாகத் தெரியும். எல்லுக்குப் பிறகு டி, ஏ-க்குப் பிறகு வி போன்ற கேப்பிடல் ஜோடிகளைத்தான் முதலில் பார்ப்பேன். ஃபான்ட் விற்கும் பக்கத்தில் காட்டும் அழகான மாதிரிச் சொல்லை நம்ப வேண்டாம், அது அந்த ஃபான்ட்டுக்கு எது பொருந்துமோ அதைப் பார்த்து வைத்தது. உங்கள் கடைப் பெயரை, உங்கள் டீம் பெயரை அடித்துப் பாருங்கள். அப்புறம் கட்டம். சாய்ந்த எழுத்தை நேர்ச்சதுரக் கட்டத்துக்குள் சென்டர் அலைன் செய்தால் கணக்குப்படி நடுவில் இருக்கும், கண்ணுக்கு இருக்காது. முதல் எழுத்தின் மேல் பக்கமும் கடைசி எழுத்தின் கீழ்ப் பக்கமும் காலியிடம் முக்கோணமாகத் துருத்தும். கட்டத்தின் இரு பக்கங்களையும் எழுத்தின் அதே கோணத்தில் சாய்த்துவிட்டால் இந்தத் தொல்லை ஒழியும். விளையாட்டு லோகோக்களில் சாய்கட்டம் அதிகம் வருவதற்கு வேகம் மட்டும் காரணமில்லை.

இங்கே வேலை செய்கிற எல்லோருக்கும் அடுத்து வரும் கேள்வி, பக்கத்தில் தமிழை என்ன செய்வது? தமிழ் எழுத்துக்கு ஸ்லாப் என்று ஒரு மரபே கிடையாது, ஐரோப்பிய அர்த்தத்தில் இட்டாலிக் மரபும் கிடையாது. நோட்டோ செரிஃப் தமிழுக்குச் சாய்ந்த வடிவம் உண்டு, ஆனால் அது படிக்கிற எழுத்து, பெவனுக்குப் பக்கத்தில் நின்றால் காணாமல் போய்விடும். தாரிக் அஸீஸின் கவிவாணர் சாய்ந்தே பிறந்தது, ஆனால் அது கையெழுத்து, வேறு மனநிலை. பலர் செய்வது கனமான தமிழ் ஃபான்ட்டை எடுத்து இங்கிலீஷின் அதே கோணத்துக்கு ஸ்க்யூ பண்ணுவது. ட, ப, ம மாதிரி நிமிர்ந்த கோடுள்ள எழுத்துகள் ஓரளவு தாங்கும். ண, ஞ, ஐகாரக் கொம்பு வருகிற 'ணை', 'னை' எல்லாம் சுழிக்குள் சுழி, மேலே ஓவுக்குச் சொன்ன அதே தடிப்பும் மெலிவும் ஒவ்வொரு சுழியிலும் நடந்து குழம்பிவிடும். என் வழக்கம், தமிழை நேராகவே விடுவது: அனெக் தமிழ் எக்ஸ்ட்ரா போல்ட், இல்லாவிட்டால் முக்த மலர் எக்ஸ்ட்ரா போல்ட். அனெக்கில் அகலத்தையும் கூட்டிக் குறைக்கலாம் என்பதால் இங்கிலீஷ் சொல்லின் நீளத்துக்குத் தமிழைப் பொருத்துவது சுலபம். இங்கிலீஷ் சாய்ந்து ஓடட்டும், தமிழ் நின்று சொல்லட்டும், கனம் மட்டும் சமமாக இருந்தால் போதும். வாடிக்கையாளர் இரண்டும் சாயணும் என்று பிடிவாதம் பிடித்தால் எட்டு டிகிரிக்கு மேல் போக மாட்டேன், அதிலும் புள்ளிகளைத் தனியாக நகர்த்தி எழுத்தின் தலைக்கு நேராக வைத்துவிடுவேன். சாய்க்கும்போது புள்ளி வலப்பக்கம் நழுவி அடுத்த எழுத்தின் தலைக்குப் போகப் பார்க்கும்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம், விலைப்பட்டியலிலும் ஆஃபர் போஸ்டரிலும் மானத்தை வாங்குவது இதுதான். தடித்த சாய்ந்த ஸ்லாப்பில் எண்கள் பிரமாதமாக இருக்கும், 1க்கும் 7க்கும் கிடைக்கிற பலம் வேறு எதிலும் கிடைக்காது. ஆனால் ரூபாய்க் குறி? உதயகுமார் வடிவமைத்த ₹ ஏற்கப்பட்டது 2010இல், அதற்கு முந்தைய கோப்புகளில் அது இருக்க வழியில்லை. ஃபான்ட்டில் அந்தக் குறி இல்லையென்றால் மென்பொருள் வேறு ஏதாவது ஃபான்ட்டிலிருந்து இரவல் வாங்கி வைக்கும். சாய்ந்து தடித்த 499க்கு முன்னால் ஒல்லியாக, நேராக ஒரு ₹ நிற்கும். ஃபான்ட்டை முடிவு செய்வதற்கு முன்னாலேயே ₹499 என்று அடித்துப் பாருங்கள். குறி இல்லாவிட்டால், அதே ஃபான்ட்டின் கேப்பிடல் 'ஆர்' ஒன்றை எடுத்து, நிமிர்ந்த தண்டை நீக்கிவிட்டு, தலையில் இரண்டு படுக்கைக் கோடு வரைந்து நாமே செய்துகொள்ளலாம், இலவச உரிம ஃபான்ட்டாக இருந்தால் அதைக் கோப்பிலேயே சேர்க்கவும் அனுமதி உண்டு, சில ஃபான்ட்டுகளில் பெயரை மட்டும் மாற்ற வேண்டியிருக்கும். பிரஸ்ஸுக்கு அனுப்பும்போது எல்லாவற்றையும் கர்வ் பண்ணிவிட்டு, அதாவது எழுத்தை வெறும் வடிவமாக மாற்றிவிட்டு அனுப்புங்கள், இல்லாவிட்டால் அவர்கள் கம்ப்யூட்டரில் ஃபான்ட் இல்லாமல் அந்த இரவல் வேலை முழுத் தலைப்புக்கும் நடந்துவிடும்.